ராத்திரியில் கீரையைத் தின்பது யார்? மாடித்தோட்டத்தில் ஓடில்லா நத்தை

தாம்பரம்_மாடி
அக்டோபர் 28, காலை 7:12

எல்லாருக்கும் வணக்கம். மாடியில 34 பை வச்சிருக்கேன். புரட்டாசி கடைசியில அரைக்கீரை, முள்ளங்கி, கொத்தவரை போட்டேன். ஓரத்துல ரெண்டு வரிசை செண்டுமல்லி. முளைப்பு நல்லாத்தான் இருந்துச்சு. மழை பிடிச்சதுல இருந்து ஒரு வாரமா காலையில போய்ப் பார்த்தா முள்ளங்கி நாத்து இருந்த இடத்துல வெறும் காம்பு நிக்குது. செண்டுமல்லியை மொட்டை அடிச்சு வச்சிருக்கு. அரைக்கீரை இலை எல்லாம் ஓட்டை.

புழுன்னு நினைச்சு வேப்பெண்ணெய் ரெண்டு தடவை அடிச்சேன். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் ஒரு தடவை. அசையவே இல்ல. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன், ஒரு புழு கண்ணுல படல. என்னவா இருக்கும்?

கோவை_செடிப்பித்தன்
அக்டோபர் 28, காலை 8:03

புழுதாங்க. பகல்ல மண்ணுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். வேப்பெண்ணெய்ல சோப்பு கலந்தீங்களா? கலக்கலைன்னா எண்ணெய் தனியா தண்ணி தனியா நிக்கும், ஒரு பிரயோஜனமும் இருக்காது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்
அக்டோபர் 28, காலை 9:30

அம்மா, மருந்தை மாற்றும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். புழு தின்றால் இலைமேலோ அடியிலோ கடுகு போல், மிளகு போல் கறுப்பாக எச்சம் கிடக்கும். அது இருக்கிறதா? அடுத்தது, பையின் விளிம்பிலும் தரையிலும் காய்ந்த பசை மாதிரி வெள்ளியாக மினுங்கும் கோடு தெரிகிறதா? வெயில் ஏறும் முன், சாய்ந்து நின்று பார்த்தால்தான் தெரியும்.

கோடு இருந்தால் அது புழு அல்ல. இன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள்.

தாம்பரம்_மாடி
அக்டோபர் 28, இரவு 9:54

சார், கை இன்னும் நடுங்குது. இப்பத்தான் கீழ வந்தேன்.

கறுப்பா, என் கட்டைவிரல் நீளத்துக்கு, தட்டையா, பழைய செருப்புத் தோல் மாதிரி. முதுகு நடுவுல வெளிறின கோடு ஒண்ணு ஓடுது. முதுகுல ஓடு கிடையாது. ஒரு கீரைப் பையில மட்டும் 11 எண்ணினேன். பையைத் தூக்கினா அடியில இன்னும் அடை அடையா ஒட்டிக்கிட்டிருக்கு. கத்தின கத்துல எங்க வீட்டுக்காரர் மேல ஓடி வந்துட்டார். இது அட்டையா? ரத்தம் உறிஞ்சுமா?

நாஞ்சில்_புரையிடம்
அக்டோபர் 28, இரவு 10:20

உறிஞ்சாது அக்கா, பயப்படாதீங்க. ரத்தம் குடிக்கிற அட்டை வேற, இது வேற. இது நத்தைதான், ஓடு மட்டும் இல்ல. எங்க பக்கமும் சில பேர் அட்டைன்னுதான் சொல்லுவாங்க. களியக்காவிளை தாண்டிட்டா ஓடு இருக்கிறதுக்கு ஒச்சுன்னு பேரு. நமக்கு இதுக்குன்னு தனியா ஒரு நல்ல பேர் இல்லாமப் போனது பெரிய குறை.

கோவை_செடிப்பித்தன்
அக்டோபர் 28, இரவு 10:41

அப்ப நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா இதுக்கு வைத்தியம் ரொம்ப சுலபம். கல்லுப்பு. பையைச் சுத்தி ஒரு வளையம் போட்டு விடுங்க. உப்பு மேல ஏறினா அங்கேயே கரைஞ்சு போயிடும். எங்க அம்மா காலத்துல இருந்து இதுதான்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்
அக்டோபர் 29, காலை 6:48

உப்பு கொல்லும், உண்மை. உடம்பில் உள்ள நீரை வெளியே இழுத்துவிடும். ஆனால் தம்பி, அது பெய்கிற மழையில் எத்தனை நாள் வளையமாக இருக்கும்? கரைந்து அடுத்த பைக்குள்தான் இறங்கும். தரையில் தோட்டம் என்றாலாவது மழை அடித்துக்கொண்டு போகும், பைக்குள் இருப்பது நாலு கூடை மண். இரண்டு முறை உப்பு இறங்கினால் நத்தைக்கு மிச்சம் வைக்காமல் நாமே கீரையைக் கருக்கிவிடுவோம். உப்பு வாளிக்குள் இருக்கட்டும், மண்ணில் வேண்டாம்.

அம்மா சொன்ன அடையாளத்தைப் பார்த்தால் லீவிகாலிஸ் ஆல்டே என்ற இனம் போலிருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பரவியது. நம் ஊர் மழைக்காலத்தில் வீட்டுச் சுவர், குளியலறை, துளசி மாடம் என்று எங்கும் பார்க்கலாம். நத்தை பூச்சி இனமே அல்ல. சிப்பி, கணவாய் இவற்றின் பங்காளி. மெல்லுடலி. பூச்சிக்கென்று அடிக்கும் வேப்பெண்ணெய்க்கு அது அசைந்து கொடுக்காததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று. இந்த இனத்தில் ஒவ்வொரு நத்தையின் உடம்பிலும் ஆண் உறுப்பு, பெண் உறுப்பு இரண்டும் உண்டு. நீங்கள் பார்த்த பதினொன்றும் வளர்ந்தவை என்றால் பதினொன்றுமே முட்டையிடக்கூடியவை.

தாம்பரம்_மாடி
அக்டோபர் 29, காலை 7:05

காலங்காத்தால இதைப் படிச்சிருக்க வேண்டாம் சார் 😭

முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாமா? வீட்டுல நிறைய இருக்கு. காபிச் சக்கை, சாம்பல்னு யூட்யூப்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

குரொய்டன்_வளவு
அக்டோபர் 29, பிற்பகல் 2:15

வணக்கம். நான் இஞ்ச லண்டன் பக்கம் ஒரு சின்ன வளவில பயிர் செய்யிறன். இங்கத்தைச் சனத்துக்கு நத்தை எண்டால் எங்களுக்கு எலி மாதிரி, எந்த நேரமும் அதைப் பற்றித்தான் கதை. முட்டைக்கோது, செப்பு நாடா, கூரான சரளை, மரப்பட்டைத் தூள், கம்பளி உருண்டை எண்டு அஞ்சையும் இங்கத்தை ராயல் ஹோட்டிகல்ச்சரல் சொசைட்டி எண்ட தோட்டக்கலைச் சங்கம் லெட்யூஸ் கண்டுகளைச் சுத்திப் போட்டுப் பார்த்தது. 2018இல முடிவு சொன்னவை. ஒண்டும் போடாத கண்டு எவ்வளவு கடிபட்டுதோ அதே அளவுதான் மற்றதுகளும். முட்டைக்கோதுக்கு மேலால நத்தை போறதை நான் என்ர கண்ணாலயே கண்டிருக்கிறன். தன்ர பசையையே பாய் மாதிரி விரிச்சுக்கொண்டு போகுது, பிறகு கூர் எங்க குத்திறது?

அதே சங்கம் 2022இல நத்தையைப் பீடை எண்டே சொல்லமாட்டம் எண்டு அறிவிச்சது. இந்த நாட்டில ஓடில்லாத நத்தை 44 இனம் கிடக்காம், அதில தோட்டச் செடி தின்னுறது ஒன்பதுதானாம். மற்றதெல்லாம் அழுகலைத் தின்னுற சாதி. எனக்கு வாய்ச்சது முழுக்க அந்த ஒன்பதுதான் போல.

நாஞ்சில்_புரையிடம்
அக்டோபர் 29, மாலை 4:40

@குரொய்டன்_வளவு கடைசி வரிக்கு ஒரு சபாஷ்.

சாம்பல் நான் போட்டுப் பார்த்திருக்கேன். காய்ஞ்சு இருக்கிற வரைக்கும் நத்தை தாண்டாது, உடம்புல ஒட்டி உலர்த்திடும். ஆனா சாம்பல் காய்ஞ்சு கிடக்கிற நாள்ல நத்தையே வெளிய வராது. நத்தை வர்ற நாள்ல சாம்பல் சேறா கிடக்கும். ரெண்டும் சந்திச்சுக்கவே சந்திச்சுக்காது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்
அக்டோபர் 29, இரவு 8:10

காபி விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2002இல் ஹவாயில் சோதித்து நேச்சர் இதழில் எழுதினார்கள். 2 சதவீதக் கஃபீன் கரைசல் நத்தைகளைக் கொன்றது. அது நம் டம்ளரில் இருக்கும் காபியைப் போலப் பல மடங்கு காரம், சில செடிகளின் இலையையும் கெடுக்கும். டிகாக்‌ஷன் இறக்கிய பிறகு சக்கையில் என்ன மிச்சம் இருக்கப்போகிறது? அதை உரக்குழியில் போடுங்கள், அங்கே பயன்படும்.

நாலுகால்_வீடு
அக்டோபர் 30, காலை 11:22

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிட்டுப் போறேன். போன வருஷம் இதே மழைக்கு உரக்கடையில நத்தைக்குன்னு ஒரு குருணை மருந்து குடுத்தாங்க. தக்காளிப் பாத்தியில தூவினேன். எங்க வீட்டு நாட்டு நாய் அதை நக்கிடுச்சு. ஒரு மணி நேரம்கூட ஆகல, உடம்பு உதற ஆரம்பிச்சது, அப்புறம் வலிப்பு. மழையில ஆட்டோ பிடிச்சு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம். ரெண்டு நாள் மயக்கத்துலயே வச்சிருந்து காப்பாத்தினாங்க. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா மெட்டால்டிஹைட்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. நத்தையை இழுக்கணும்னு தானிய மாவுல உருட்டறாங்க, நாய்க்கும் அது பிஸ்கட் மாதிரிதான். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லல, நானும் கேக்கல.

நாய், பூனை, தவழ்ற குழந்தை இருக்கிற வீட்டுல அது வேண்டவே வேண்டாம்.

குரொய்டன்_வளவு
அக்டோபர் 30, மாலை 3:02

அந்த மருந்தை இங்க 2022 மார்ச் கடைசியோட வெளியில பாவிக்கிறதைத் தடை செய்து போட்டினம், பறவையும் முள்ளெலியும் சாகுது எண்டு. இப்ப நாங்கள் போடுறது இரும்புப் பொஸ்பேற் குருணி. அதைத் தின்ட நத்தை தீனை விட்டிட்டு எங்கயாவது ஒளிச்சுக் கிடந்து செத்துப்போகும். செத்த உடம்பு கண்ணில படாது, அதாலதான் கன பேர் வேலை செய்யேல்லை எண்டு திட்டுறவை. அதுக்காக அள்ளிக் கொட்டுற சாமானும் இல்லை. பெட்டியில போட்டிருக்கிற அளவுதான்.

தாம்பரம்_மாடி
அக்டோபர் 30, இரவு 10:37

மருந்து வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். கீழ் வீட்டுப் பூனை ராத்திரி பூரா எங்க மாடியிலதான் குடியிருக்கு. நேத்து இடுக்கியால 43 பிடிச்சேன். இன்னைக்கு 38. உப்புத் தண்ணி வாளியில போட்டேன். எங்க வீட்டுக்காரர் டார்ச் பிடிக்கிறார், ஆனா வாளியை எட்டிப் பார்க்க மாட்டேங்குறார்.

இப்படியே எத்தனை நாள் பிடிக்கிறது? முடியவே முடியாது போலிருக்கே. கையில ஒரு தடவை பசை பட்டுச்சு, மூணு தடவை சோப்பு போட்டும் போகல.

குன்னூர்_மலைத்தோட்டம்
அக்டோபர் 31, காலை 6:15

பசைக்குத் தண்ணி ஊத்தாதீங்க கண்ணு. தண்ணி பட்டா அது இன்னும் ஊதும். முதல்ல காஞ்ச துணியிலயோ தவிட்டுலயோ நல்லா தேய்ச்சு உருட்டி எடுத்துட்டு, அதுக்கப்புறம் சோப்பு.

நான் முப்பது வருஷமா முட்டைக்கோஸ் போடறேன். கோஸுக்கும் இதுக்கும் ஜென்மப் பகை. குருத்துக்குள்ள ஒண்ணு புகுந்துட்டா வெளிய தெரியாது, அறுக்கும்போதுதான் தெரியும். அதைத் தேடிக்கிட்டு நான் அலையறதில்ல. என்கிட்ட வர வச்சுடுவேன். பழைய கோணிச்சாக்கை நனைச்சு, உள்ள கழிச்ச கோஸ் இலையை வச்சு, சாயந்திரம் வரப்புல போட்டுடணும். விடியறதுக்குள்ள எல்லாம் குளுகுளுன்னு அதுக்கடியில வந்து படுத்திருக்கும். வெயில் வர்றதுக்கு முன்னாடி சாக்கைச் சுருட்டிக் கொண்டுபோய் வாளியில தட்டணும். ஒரு நாள் மறந்தீங்கன்னா நீங்களே வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும், அதான் இதுல கஷ்டம்.

தண்ணி எப்போ ஊத்தறீங்க?

தாம்பரம்_மாடி
அக்டோபர் 31, காலை 7:20

ஆபீஸ் போயிட்டு வந்து சாயந்திரம் ஆறு மணிக்கு ஊத்துவேன் அம்மா. மழை இல்லாத நாள்ல.

குன்னூர்_மலைத்தோட்டம்
அக்டோபர் 31, காலை 7:44

அதான் பாருங்க. அது எந்திரிக்கிற நேரம் பார்த்து நீங்க பாதையை ஈரம் பண்ணி வைக்கிறீங்க. காலையில ஊத்துங்க. ராத்திரிக்குள்ள மேல் மண்ணு காஞ்சிருக்கும், அதுக்கு ஊர்ந்து போறதே பாடாப் போயிடும்.

கோவை_செடிப்பித்தன்
அக்டோபர் 31, மாலை 6:30

வெள்ளைக்காரங்க கிண்ணத்துல பீர் ஊத்தி மண்ணுல புதைப்பாங்களாமே. நத்தை குடிச்சுட்டு மூழ்கிடுமாம். தாம்பரத்துக்காரங்க டாஸ்மாக் வரிசையில நிக்க முடியுமா தெரியல 😄

ஓய்வுபெற்ற_வாத்தியார்
அக்டோபர் 31, இரவு 9:05

பீரில் அதை இழுப்பது சாராயம் அல்ல, புளித்த வாசனை. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைதா, தண்ணீர், ஈஸ்ட் மூன்றையும் பிசைந்து வைத்தே ஏராளமாகப் பிடித்திருக்கிறார்கள். புளித்த மாவு இல்லாத தமிழ் வீடு உண்டா? அம்மா, நாலு நாள் ஆகி மூக்கைத் துளைக்கும் தோசை மாவில் ஒரு கரண்டி வைத்துப் பாருங்களேன். தோசைக்கு வந்து சேருமா என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.

தாம்பரம்_மாடி
நவம்பர் 2, காலை 7:31

மாவு ரிப்போர்ட். ரெண்டு கொட்டாங்குச்சியில வச்சேன். ஒண்ணுல தண்ணியாக் கரைச்சு, இன்னொண்ணுல கெட்டியா. கரைச்சதுல 4 மூழ்கிக் கிடந்தது. கெட்டி மாவைச் சுத்தி 17 பந்தி போட்டு உக்காந்திருந்தது! மூழ்கவெல்லாம் இல்ல, சாவகாசமாத் தின்னுக்கிட்டிருந்தது. பத்து மணிக்குப் போனதால அள்ளிட்டேன். போகாம இருந்திருந்தா சாப்பாடு போட்டு அனுப்பின மாதிரிதான் ஆகியிருக்கும். ஆனா 34 பையைத் தேடறதுக்கு ரெண்டு கொட்டாங்குச்சியைப் பார்க்கிறது எவ்வளவோ மேல்.

இப்பல்லாம் மாவு அரைக்கும்போதே எங்க வீட்டுக்காரர் "இது நமக்கா, அவங்களுக்கா?"ன்னு கேக்குறார்.

நாஞ்சில்_புரையிடம்
நவம்பர் 2, மதியம் 12:50

எங்க புரையிடத்துல, அதாவது வீட்டைச் சுத்தின தோட்டத்துல, ஓடுள்ள பெரிய ஆப்பிரிக்க நத்தை. உள்ளங்கை அளவு. பப்பாளி, முருங்கை எல்லாம் ஏறிடும். அதுக்குக் கேரளப் பக்கம் சொல்ற கரைசல் ஒண்ணு இருக்கு: 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணியில கொதிக்க வச்சு ஒரு லிட்டரா வத்த வைக்கணும். 60 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) இன்னொரு லிட்டர்ல கரைக்கணும். ரெண்டையும் கலந்து வடிகட்டி நத்தை மேல அடிக்கணும். மதில்ல கூட்டமா இருந்தப்ப அடிச்சேன், விழுந்துச்சு.

ஓய்வுபெற்ற_வாத்தியார்
நவம்பர் 2, மாலை 5:15

மதிலுக்குச் சரி. பறித்துச் சாப்பிடும் கீரைமேல் துத்தமும் புகையிலையும் படக்கூடாது, இலையும் கருகும். கிணறு, மீன் தொட்டி பக்கத்திலும் ஆகாது, துத்தம் மீனுக்கு விஷம்.

அந்தப் பெரிய நத்தை இங்கே வந்த கதை தெரியுமா? வில்லியம் பென்சன் என்று ஒரு வெள்ளைக்காரர், நத்தை ஓடுகளில் பைத்தியம். 1847இல் மொரீஷியஸிலிருந்து உயிரோடு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. இன்று நாஞ்சில் தம்பி முருங்கையில் அதைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

கோவை_செடிப்பித்தன்
நவம்பர் 2, இரவு 8:20

உள்ளங்கை அளவுன்னா வறுத்துடலாமே? வயல் நத்தை மூலத்துக்கு நல்லதுன்னு எங்க ஊர்ல சாப்பிடறாங்க.

ஓய்வுபெற்ற_வாத்தியார்
நவம்பர் 2, இரவு 8:41

விளையாட்டுக்கும் வேண்டாம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இருக்கிறது. எலிப் புழுக்கையைத் தின்னும் நத்தைக்குள் அதன் குஞ்சு வளரும். அந்த நத்தையை அரைவேக்காட்டில் தின்றாலோ, குட்டி நத்தை ஒட்டிய இலையைக் கழுவாமல் பச்சையாகத் தின்றாலோ, அது மனிதனின் மூளை உறைவரை போய் வீக்கம் உண்டாக்கும். இந்தியாவிலும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். நன்றாக வேகவைத்தால் புழு செத்துவிடும், அதனால் கீரை சாப்பிட யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நத்தை நடமாடும் தோட்டத்துக் கொத்தமல்லி, புதினாவை இலை இலையாகக் கழுவாமல் பச்சைச் சட்னி அரைக்காதீர்கள். வெறுங்கையால் நத்தையைத் தொடவும் வேண்டாம்.

தாம்பரம்_மாடி
நவம்பர் 9, காலை 8:10

பிடிக்கப் பிடிக்கக் குறையல. 30க்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. மூணாவது மாடிக்கு எங்கிருந்துதான் வருது?

குன்னூர்_மலைத்தோட்டம்
நவம்பர் 9, காலை 8:35

எங்கிருந்தும் வரல கண்ணு, அங்கேயே இருக்கு. பகல்ல எங்க படுக்குதுன்னு தேடுங்க. தொட்டி அடி, பலகை, காலிப் பை, தென்னைநார்க் கழிவு மூட்டை. ஒரு ஞாயித்துக்கிழமையை இதுக்குன்னே ஒதுக்கிடுங்க.

தாம்பரம்_மாடி
நவம்பர் 10, மாலை 5:48

கண்டுபிடிச்சாச்சு!!

தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ரெண்டு வருஷமா ஒரு நார்க்கழிவு மூட்டை கிழிஞ்சு கிடந்துச்சு. தொட்டி வழியற தண்ணி முழுக்க அது மேலதான் விழும். இழுத்துப் பிரிச்சா உள்ள எண்ணவே முடியல. நடுவுல ஜவ்வரிசியைக் கோத்துச் சுருட்டி வச்ச மாதிரி முட்டை, கொத்துக் கொத்தா ஒன்பது இடத்துல. இத்தனை நாள் ராத்திரி ராத்திரி நான் வாளியோட நின்னதெல்லாம் அங்கிருந்து வர்றதைத்தான் பொறுக்கிக்கிட்டிருந்திருக்கேன்.

முட்டையை நசுக்கிட்டேன். மூட்டையைத் தார்ப்பாய்ல பரப்பி வெயில்ல போட்டிருக்கேன். பையெல்லாம் செங்கல் மேல ஏத்தியாச்சு, அடியில காத்துப் போகுது. மிதவை வால்வையும் மாத்தியாச்சு, இனிமே தொட்டி வழியாது. அதுக்குத்தான் 350 ரூபா செலவு, மத்ததெல்லாம் முதுகுவலிதான்.

நாஞ்சில்_புரையிடம்
நவம்பர் 10, இரவு 7:30

அக்கா, இனி நர்சரியில செடி வாங்கினாலும் கவரைக் கிழிச்சு மண்ணுருண்டையைப் பார்த்துட்டே மாடிக்கு ஏத்துங்க. முட்டை பாதி அதுலதான் ஏறி வருது. அப்புறம், செம்போத்து வந்தா விரட்டாதீங்க. எங்க புரையிடத்துல அது பெரிய நத்தையையே ஓட்டை உடைச்சுத் தின்னும். மின்மினியோட புழுவுக்கும் நத்தைதான் சாப்பாடு. மாடிக்கு மின்மினி வராதுதான், ஆசைக்குச் சொன்னேன்.

கோவை_செடிப்பித்தன்
நவம்பர் 11, காலை 9:02

நான் என் உப்பு வளையத்தை எடுத்துட்டேன். போன தடவை பாலக்கீரை ஓரம் கருகினதுக்கு வெயில்தான் காரணம்னு நினைச்சிருந்தேன்.

தாம்பரம்_மாடி
டிசம்பர் 8, காலை 10:25

நேத்து ராத்திரி 2. முந்தாநேத்து 0. நடுவுல நாலு நாள் விடாம மழை பெஞ்சப்ப 9 வரைக்கும் ஏறிச்சு, அப்புறம் அடங்கிடுச்சு. கொட்டாங்குச்சி மாவு வாரத்துல ரெண்டு நாள் மட்டும். தண்ணி காலையில. முள்ளங்கி திரும்பப் போட்டது நாலு இலை விட்டிருக்கு. செண்டுமல்லியைக் கைவிட்டாச்சு, அது போனது போனதுதான்.

அரைக்கீரை ரெண்டு கட்டு இன்னைக்கு அறுத்தேன்.

குன்னூர்_மலைத்தோட்டம்
டிசம்பர் 8, காலை 10:50

கடைஞ்சாச்சா?

தாம்பரம்_மாடி
டிசம்பர் 8, மதியம் 1:40

கடைஞ்சாச்சு அம்மா. மூணு தண்ணியில கழுவினேன். எங்க வீட்டுக்காரர் நாலாவது தண்ணி கேட்டார்.